மண்ணச் சுட்டு கல்லாக்கி ரோடு போடற ஊரு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டாக்கா ரிக்ஷா பத்தி எழுதியிருந்தேன். 2023 டிசம்பர்ல அந்த ரிக்ஷாவையும் அதுல வரையற படங்களையும் யுனெஸ்கோ தன்னோட பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்ததச் சொல்லியிருந்தேன். வந்த கடுதாசியெல்லாம் பிரிச்சுப் பாத்தா ரிக்ஷாவ விட்டுட்டு எல்லாரும் பங்களாதேஷ் ரோட்டயும் ஆத்தையும் பத்தித்தான் கேட்டிருக்கீங்க, அதுலயும் பாதி திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துல இருந்து. நம்ம பக்கத்துப் பசங்க நிறைய பேர் அங்க பனியன் கம்பெனிகள்ல வேலைக்கு இருக்காங்க, நானும் 2011ல இருந்து 2023 வரைக்கும் அங்கதான் மெர்ச்சண்டைசிங் பாத்தேன். அதனால இந்த இதழ் முழுக்க இந்தக் கேள்விங்களுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: என் பையன் காஜிப்பூர்ல ஒரு நிட்டிங் கம்பெனில சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. டாக்கா ஏர்போர்ட்ல இருந்து 20 கிலோமீட்டர்தான்னு மேப்ல காட்டுது. அவன் மூணு மணி நேரம் ஆச்சுன்னு சொல்றான். ஃபோன் எடுக்காததுக்கு சாக்கு சொல்றானோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது.
– ஒரு அம்மா, அவிநாசி

பதில்: அம்மா, தம்பி உண்மையத்தான் சொல்றாரு, கவலைப்படாதீங்க. நான் அதே ரோட்டுல நாலு மணி நேரம் உக்காந்திருக்கேன். பங்களாதேஷ் பரப்பளவு சுமார் 1,47,000 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாடு 1,30,000, கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஆனா அங்க இருக்கற ஜனம் 17 கோடி. வேலை தேடிக் கெளம்பறவங்கள்ல நிறைய பேர் வந்து சேர்ற இடம் டாக்காவும் அத ஒட்டி இருக்கற காஜிப்பூர், சாவார், நாராயண்கஞ்சும்தான். சாயங்காலம் கம்பெனி விடற நேரத்துல துராக் ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் டோங்கில நின்னு பாத்தா, ரோட்டோட ரெண்டு ஓரத்துலயும் கையில டிபன் கேரியரோட பொண்ணுங்க நடந்து போயிட்டே இருப்பாங்க, அந்த வரிசை முடியவே முடியாது, அவங்க ரோட்டக் குறுக்க தாண்டணும், பஸ் நிக்கணும், ரிக்ஷா நுழையணும், அதுக்கு நடுவுலதான் ஏர்போர்ட் வண்டியும் போயாகணும். போதாததுக்கு அந்த 20 கிலோமீட்டருக்கும் பஸ்ஸுக்குன்னு தனிப் பாதை போடறோம்னு வருஷக்கணக்கா தோண்டிப் போட்டிருந்தாங்க, மழை பேஞ்சா எது குழி எது ரோடுன்னே தெரியாது.

தம்பி ஊருக்கு வர்ற அன்னைக்கு ஃப்ளைட் டைமுக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடி ரூம விட்டுக் கெளம்பச் சொல்லுங்க. பஸ்ல வரும்போது ஃபோன் எடுக்கலன்னா சந்தோஷப்படுங்க, ஜன்னல் ஓரம் ஃபோன வெச்சுப் பேசினா வெளிய இருந்து கைய விட்டு பிடுங்கிட்டு ஓடிடுவாங்க, எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேருக்கு அப்படிப் போச்சு.

கேள்வி: வண்டி லெஃப்ட்ல போகுமா ரைட்லயா? பெங்காலி தெரியாம பஸ் பிடிக்க முடியுமா?
– அடுத்த மாசம் கெளம்பற ஒருத்தர், பல்லடம்

பதில்: நம்ம ஊர் மாதிரியே லெஃப்ட். பஸ் போர்டு, வண்டி நம்பர் பிளேட் ரெண்டுலயும் எண்கூட பெங்காலிலதான் இருக்கும், அதனால கெளம்பறதுக்கு முன்னாடி பத்து எண்ணயும் கத்துக்கிட்டுப் போயிடுங்க. அதுல ரெண்டு எண் ஏமாத்திடும். நமக்கு 8 மாதிரி தெரியறது அங்க 4. நமக்கு 9 மாதிரி தெரியறது அங்க 7. நான் போன முதல் வாரம் கம்பெனி அனுப்பின வண்டி என் கண்ணு முன்னாடியே நின்னுட்டு இருந்தும் நம்பர் ஒத்து வரலன்னு அரை மணி நேரம் வெயில்ல நின்னேன்.

கேள்வி: பங்களாதேஷ்ல ஜல்லிக்கு பதிலா செங்கல்ல உடைச்சுப் போட்டு ரோடு போடறாங்கன்னு எங்க சார் கிளாஸ்ல சொன்னார். நெஜமா? ஏன் அப்படி?
– சிவில் மூணாவது வருஷ மாணவர், சேலம்

பதில்: நெஜம்தான் தம்பி. நீ சேலத்துக்காரன், மொட்டை மாடில நின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கரடாவது கண்ணுல படும், அதனால கல்லே இல்லாத ஒரு ஊர நெனச்சுப் பாக்கறது உனக்கு கஷ்டமாத்தான் இருக்கும். அந்த நாட்டோட பெரும்பகுதி கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் இழுத்துட்டு வந்து கொட்டின வண்டல். தோண்டினா மண்ணு, இன்னும் தோண்டினா களி, அதுக்கும் கீழ மணல், பாறைன்னு ஒண்ணு தட்டுப்படவே படாது. சில்ஹெட் பக்கம் மலையில இருந்து ஆத்துல உருண்டு வர்ற கல்லு கொஞ்சம் கெடைக்கும், தினாஜ்பூர் மாவட்டத்துல மத்தியபாராங்கற இடத்துல ஒரு கருங்கல் சுரங்கம் இருக்கு, பத்தாததுக்கு இந்தியாவுல இருந்தும் பூட்டான்ல இருந்தும் பார்டர் தாண்டி லாரி லாரியா வருது. அவ்வளவு விலை குடுத்து வாங்கின கல்ல பெரிய நெடுஞ்சாலைக்கும் பாலத்துக்கும் வெச்சுக்கறாங்க. ஊருக்குள்ள போற ரோட்டுக்கு எங்க போறது? அதான் இருக்கற மண்ணையே சுட்டு கல்லாக்கிக்கறாங்க.

உடைச்ச செங்கலுக்கு அங்க கொவான்னு பேரு. இது நமக்கும் புதுசு இல்ல, நம்ம தாத்தா காலத்து வீட்டு மொட்டை மாடில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு தட்டித் தட்டி தளம் போட்டது அதே சரக்குதான். சூளையில அளவுக்கு மேல வெந்து கருத்து இறுகிப் போன செங்கல நம்ம ஊர்ல தள்ளி வெச்சிடுவாங்க, அங்க அதுக்கு ஜாமான்னு தனிப் பேரே உண்டு, கொவாவுக்கு அதத்தான் தேடி எடுப்பாங்க, சீக்கிரம் நொறுங்காது.

நான் குடியிருந்த தெருமுனையில ஒரு அம்மா செங்கல் உடைச்சுட்டு இருப்பாங்க. மூங்கில் குச்சில ஒரு கிழிஞ்ச கொடைய கட்டி நட்டு வெச்சிருப்பாங்க, அந்த நெழல் நகர நகர அவங்களும் நகர்ந்து உக்காருவாங்க. இடது கை விரல்ல சைக்கிள் ட்யூப வெட்டி மோதிரம் மாதிரி மாட்டியிருப்பாங்க, சுத்தியல் தவறி விழுந்தா விரல் தப்பிக்கணும்னு. ஒரு செங்கல்ல நிறுத்திப் பிடிச்சு நாலு அடி, அடுத்தது நாலு அடி, டொக்கு டொக்குனு காலைல ஆறு மணிக்கு ஆரம்பிக்கற சத்தம் லைட் போடற நேரம் வரைக்கும் கேக்கும். கூலி நாள் கணக்கு கெடையாது, உடைச்சுக் குவிச்ச குவியலோட அளவுக்குத்தான். இப்ப மெஷினும் வந்துருச்சு, ஆனா அந்த நாட்டு கிராம ரோட்டுல ஒரு கிலோமீட்டர் போனா எத்தனை பேர் கை அதுல இருக்குன்னு எனக்கு அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வருவாங்க.

உனக்குப் படிப்புக்கு வேணுங்கறதையும் சொல்லிடறேன். செங்கல் தண்ணி குடிக்கும், கனமான லாரி ஏற ஏற மாவாகும், அதனால தார் மேல நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் ஒரு மழைக்காலம் தண்ணி உள்ள எறங்கிட்டா அடி தளர்ந்து மேல பள்ளம் விழும். தாரே போடாத சின்ன ரோட்டுல வேற முறை, கீழ ஒரு வரிசை செங்கல படுக்க வெச்சு, மேல மீன் முள்ளு மாதிரி சாய்ச்சு சாய்ச்சு நிக்க வெச்சு அடுக்கிடுவாங்க. வெள்ளம் வந்து அடிச்சுட்டுப் போனாலும் அதே செங்கலப் பொறுக்கி திரும்ப அடுக்கிக்கலாம். உள்ளூர் ரோட்டுக்குன்னே எல்ஜிஇடின்னு ஒரு துறை இருக்கு, அதோட முதல் தலைமை இன்ஜினியர் கம்ருல் இஸ்லாம் சித்திக் பேர அங்க இன்ஜினியருங்க இன்னைக்கும் மரியாதையா சொல்லுவாங்க, அந்தத் துறை கையில மண் ரோட்டையும் சேத்து 3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல இருக்கு. இதோட இன்னொரு பக்கமும் இருக்கு. செங்கலுக்கு எடுக்கற மண்ணு வயலோட மேல் மண்ணு, நெல்லு வெளையற மண்ணு. நவம்பர்ல மழை நின்னதும் டாக்காவச் சுத்தி சூளை புகைய ஆரம்பிக்கும், டிசம்பர் ஜனவரில காலைல எந்திரிச்சா தொண்டை எரியும், எதிர் வீடு மங்கலாத் தெரியும். ரோடு வேணும், சோறு வேணும், மூச்சு வேணும், மூணுக்கும் அந்த மண்ணு ஒண்ணுதான் இருக்கு அவங்ககிட்ட.

கேள்வி: பத்மா பாலத்த அந்த ஊர்க்காரங்க ஏன் அவ்ளோ பெருமையா சொல்றாங்க? உலகத்துல இத விட நீளமான பாலமெல்லாம் இருக்கே.
– பேங்க் ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: நீளத்துல அது 6.15 கிலோமீட்டர்தான், நீங்க சொல்றது சரி. ஆனா கீழ பத்மா ஆத்துல ஓடற தண்ணி எதுன்னு பாருங்க, கங்கையும் பிரம்மபுத்திராவும் ஏற்கனவே ஒண்ணா சேந்து வர்ற தண்ணி அது. வெள்ளம் வந்தா ஆத்தோட அடி மண்ணே 60 மீட்டர் வரைக்கும் அரிச்சுட்டுப் போகலாம்னு கணக்கு போட்டுதான் பாலத்த டிசைன் பண்ணியிருக்காங்க. அதனால 3 மீட்டர் அகலத்துல இரும்புக் குழாய்ங்கள சுமார் 120 மீட்டர் ஆழத்துக்கு அடிச்சு எறக்கினாங்க, அப்படியும் அடில களிமண் அடுக்கு வந்து சிக்கல் பண்ணதால பல தூணுக்கு ஆறு குழாய்க்கு பதிலா ஏழு போட வேண்டியதாச்சு. பாறை கெடையாது இல்லையா, அந்தத் தூணு எந்தப் பாறை மேலயும் உக்காரல, சுத்தி இருக்கற மண்ணோட பிடியிலதான் நிக்குது.

காசு விஷயமும் இருக்கு. உலக வங்கி 120 கோடி டாலர் கடன் தர்றதா இருந்தது, லஞ்சக் குற்றச்சாட்டுன்னு சொல்லி 2012ல நிறுத்திட்டாங்க. அப்புறம் நாங்களே கட்டிக்கறோம்னு சொந்தப் பணத்துல எறங்கி முடிச்சாங்க, செலவு அவங்க பணத்துல (அதுக்குப் பேரு டக்கா) 30,000 கோடியத் தாண்டுச்சு. அந்த லஞ்சப் புகார்ல கனடால நடந்த கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவங்கள 2017ல விடுதலை பண்ணிட்டாங்க. செலவு ஏறிக்கிட்டே போனத பத்தி அந்த ஊர்லயே நிறைய பேர் கேள்வி கேட்டாங்க, கேக்க வேண்டியதும்தான். 2022 ஜூன் 25 தெறந்தாங்க, அடுத்த வருஷம் அக்டோபர்ல கீழ் தட்டுல ரயிலும் ஓட ஆரம்பிச்சுது.

இதெல்லாம் பேப்பர்ல இருக்கறது. நான் ஏன் அந்தப் பாலத்த மதிக்கறேன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி தென்மேற்குல இருக்கற 21 மாவட்டத்துக்காரங்க டாக்கா வரணும்னா ஃபெர்ரிதான். 2016 டிசம்பர்ல எங்க ஆபீஸ்ல கூட வேலை பாத்த ஒருத்தரோட அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு ஃபரித்பூர் போனோம், திரும்பி அவர ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வரும்போது ராத்திரி பத்து மணிக்கு தௌலத்தியா படித்துறைக்கு வந்துட்டோம். பனி. ஆறு தெரியல, அக்கரை தெரியல, பனி விலகற வரைக்கும் ஃபெர்ரி எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க, அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது, அந்தப் பனில எடுத்தா திட்டுல ஏறிடும் இல்ல எதுர்ல வர்றதுல மோதிடும். பின்னாடி லாரியும் பஸ்ஸும் மைல் கணக்குல நிக்குது, அவிச்ச முட்டை விக்கற பையன் ஒவ்வொரு ஜன்னலா தட்டிட்டுப் போறான், எங்களுக்குப் பக்கத்துல மூணு ஆம்புலன்ஸ் வரிசையா லைட் மட்டும் சுத்திட்டு சத்தமில்லாம நிக்குது. பெரியவர் எதுவும் பேசல, அவர் பையன் கையப் பிடிச்சுட்டு ஆக்சிஜன் சிலிண்டர் முள்ளயே பாத்துட்டு இருந்தார். காலைல ஏழரைக்குத்தான் ஃபெர்ரி நகர்ந்துச்சு. அவர் பொழைச்சுக்கிட்டார். பக்கத்து வண்டில என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. இப்ப அதே ஃபரித்பூர்ல இருந்து பாங்கா வழியா பாலத்துமேல ஏறி டாக்காவுக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல வந்துடலாம். அந்த ராத்திரி படித்துறையில நின்னவங்க யாரும் அது உலகத்துல எத்தனாவது பாலம்னு கேக்க மாட்டாங்க.

கேள்வி: அங்க இன்னும் மீட்டர் கேஜ் ரயில் ஓடுதாமே?
– ரிட்டயர்டு ரயில்வே ஊழியர், மதுரை

பதில்: ஓடுதுங்கய்யா. (மத்தவங்களுக்காக ஒரு வரி: ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர் இருந்தா மீட்டர் கேஜ், அத விட அகலமானது பிராட் கேஜ்.) நம்ம பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில 2004ல நிறுத்தினப்ப வருத்தப்பட்டவங்கள்ல நீங்களும் ஒருத்தரா இருப்பீங்கன்னு நெனைக்கறேன், டாக்கா கமலாப்பூர் ஸ்டேஷன்ல நின்னீங்கன்னா உங்களுக்கு மனசு நெறஞ்சுடும். அந்த நாட்ட நடுவுல யமுனா ஆறு பொளந்துட்டுப் போகுது, டெல்லி யமுனை இல்ல, பிரம்மபுத்திராவுக்கே அங்க அந்தப் பேருதான். மேக்க கல்கத்தாவோட சேந்து பிராட் கேஜ் வளர்ந்துச்சு, 1862ல தர்ஷனால இருந்து ஜகதிக்கு ஓடினதுதான் இன்னைய பங்களாதேஷ் மண்ணோட முதல் ரயில். கெழக்க சிட்டகாங் துறைமுகத்த வெச்சு மீட்டர் கேஜ் வளர்ந்துச்சு. நடுவுல ஆறு இருந்ததால ரெண்டும் தண்டவாளத்தால நேரா சேர வழி இல்ல, 1998ல யமுனா பாலம் வந்தப்புறம்தான் மூணு தண்டவாளம் போட்டு ரெண்டு கேஜும் ஓடற மாதிரி செஞ்சாங்க. அந்தப் பாலத்துல விரிசல் விட்டதால ரயில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துலதான் போச்சு, 2025 மார்ச்ல பக்கத்துலயே ரயிலுக்குன்னு தனிப் பாலம் தெறந்துட்டாங்க. பத்மா மேல இருக்கற ஹார்டிஞ்ச் பாலத்தயும் ஒரு தடவை பாத்துட்டு வாங்க, 1915ல கட்டினது, 1971 போர்ல குண்டு விழுந்து ஒரு கண்ணு ஆத்துக்குள்ள போயிடுச்சு, அடுத்த வருஷமே சரி பண்ணி ஓட்டிட்டாங்க.

கேள்வி: ராத்திரி லாஞ்ச்ல டாக்காவுல இருந்து பரிஷால் போலாம்னு ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடறாங்க. பயமா இருக்கு, போலாமா?
– டாக்காவுல டிசைனரா இருக்கற ஒரு பொண்ணு, சொந்த ஊர் ஈரோடு

பதில்: போலாம்மா, ஆனா கண்ணத் தெறந்து வெச்சுட்டுப் போ. மழைக்காலத்துல அந்த நாட்டுல படகு போற நீர்வழி சுமார் 6,000 கிலோமீட்டர், கோடைல அது 3,800க்கு சுருங்கிடும், ரோடு வர்றதுக்கு முன்னாடி ஜனம் போனது வந்தது பொண்ணு குடுத்தது எடுத்தது எல்லாம் அதுலதான். டாக்காவோட படகுத்துறை சதர்காட்ல சாயங்காலம் போனா நாலு மாடி லாஞ்சுங்க மூக்க கரையில முட்டிட்டு வரிசையா நிக்கும், காசு இருக்கறவங்க கேபின் எடுப்பாங்க, இல்லாதவங்க கீழ் தளத்துல போர்வைய விரிச்சு செருப்ப தலைமாட்டுல வெச்சு குடும்பத்தோட படுத்துடுவாங்க. விடியறப்ப ஆத்துல வர்ற அந்தக் காத்து எந்த ஏசி பஸ்லயும் கெடைக்காது, அத நான் முழு மனசோட சொல்வேன். பத்மா பாலம் வந்தப்புறம் பரிஷால் லாஞ்சுக்கு கூட்டம் கொறஞ்சுபோச்சு, நிறைய லாஞ்ச் சும்மா நிக்குது. ஆனா போலா மாவட்டம் தீவு, அங்க போறதுக்கு பாலமே கெடையாது, அவங்களுக்கு இன்னைக்கும் லாஞ்சும் ஃபெர்ரியும்தான் ரோடு.

பயம் வீண் பயம் இல்ல. 2021 டிசம்பர் 24 விடியக்காலைல பர்குனா போயிட்டு இருந்த அபிஜான்-10 லாஞ்ச் ஜாலகாட்டி பக்கத்துல சுகந்தா ஆத்து நடுவுல தீப்பிடிச்சு எரிஞ்சுது, 40 பேருக்கு மேல செத்தாங்க, தண்ணிக்கு நடுவுல இருந்தும் தப்பிக்க முடியல. ஏறினவுடனே உன் தளத்துல இருந்து வெளிய வர்ற ரெண்டு வழியயும் நடந்து பாத்துக்கோ, எஞ்சின் ரூமுக்கு நேர் மேல எடம் பிடிக்காத, ஈத் கூட்டத்துல ஏறாத, ஏப்ரல் மே மாசம் சாயங்காலம் வடமேக்க கருப்பா மேகம் கட்டினா அன்னைக்குப் பயணத்த விட்டுடு, அந்த காலபைசாகிப் புயல் பத்து நிமிஷத்துல ஆத்தப் பொரட்டிடும்.

கேள்வி: ஸ்கூல் பசங்களே டாக்காவுல டிராஃபிக் போலீஸ் வேலை பாத்தாங்கன்னு யூட்யூப்ல பாத்தேன் அங்கிள். அது உண்மையா?
– பத்தாம் வகுப்பு மாணவி, திருச்சி

பதில்: உண்மை பாப்பா, நான் அப்ப அங்கதான் இருந்தேன். 2018 ஜூலை 29, ஏர்போர்ட் ரோட்டுல பஸ்ஸுக்கு காத்துட்டு நின்ன காலேஜ் பசங்க மேல ஒரு பஸ் ஏறிடுச்சு, ஒரு பையனும் ஒரு பொண்ணும் செத்துட்டாங்க. பஸ்ஸுங்க ஒண்ண ஒண்ணு முந்தி ஆள் ஏத்தறதுக்கு ரேஸ் விட்டதுதான் காரணம். டிரைவர் கெட்டவன்னு சொல்லிட்டு முடிச்சுட முடியாது, டிரைவருக்கு மாசச் சம்பளம் கெடையாது, காலைல வண்டிய எடுத்தா ராத்திரி ஓனருக்கு இவ்வளவு கட்டணும், அதுக்கு மேல வந்தாதான் அவனுக்கும் ஹெல்பருக்கும் சாப்பாடு, அப்ப முன்னாடி போற பஸ்ஸ விட்டா ஆள் போச்சு. அந்த ஏற்பாட்ட மாத்தாம டிரைவர மட்டும் ஜெயில்ல போட்டா அடுத்த வாரம் இன்னொரு டிரைவர் அதே ரேஸ்தான் விடுவான்.

மறுநாள்ல இருந்து யூனிஃபார்மோட பசங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க. உன் வயசு பசங்கதான், பதிமூணு பதினாலு வயசும் இருந்தாங்க. வண்டிய நிறுத்தி லைசென்ஸ் காட்டுங்கன்னு கேட்டாங்க, போலீஸ் வண்டி, மந்திரி வண்டி எதையும் விடல, நிறைய வண்டில லைசென்ஸே இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சுது. ரிக்ஷாவுக்கு ஒரு வரிசை, காருக்கு ஒரு வரிசை, ஆம்புலன்ஸுக்கு நடுவுல காலி வழி. எங்க கம்பெனி வேன நிறுத்தின பையனுக்கு மீசை கூட மொளைக்கல, மழைல தொப்பலா நனைஞ்சிருந்தான், எங்க டிரைவர் லைசென்ஸ எடுத்துக் குடுத்ததும் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு சலாம் வெச்சு தேங்க்ஸ் சொல்லி அனுப்பினான். 'நாட்டை ரிப்பேர் பண்ற வேலை நடக்குது, தற்காலிக சிரமத்துக்கு வருந்துகிறோம்'னு ஒரு அட்டைய பிடிச்சுட்டு பசங்க நின்ன போட்டோ அந்த வாரம் எல்லா இடத்துலயும் சுத்துச்சு. அப்புறம் பசங்கள அடிச்சாங்க, அது மனச ரொம்ப வருத்தின விஷயம். அதே வருஷம் செப்டம்பர்ல ரோடு போக்குவரத்துக்குன்னு புதுச் சட்டம் வந்துச்சு, 2021 டிசம்பர்ல டாக்கா பஸ்ல மாணவர்களுக்கு பாதி டிக்கெட்டும் வாங்கிட்டாங்க. அங்க இலியாஸ் காஞ்சன்னு ஒரு சினிமா ஹீரோ, 1993 அக்டோபர் 22 அவர் மனைவி ஆக்ஸிடென்ட்ல எறந்துட்டாங்க, அன்னைல இருந்து பாதுகாப்பான ரோடு வேணும்னு ஒரு இயக்கமே நடத்திட்டு வர்றார், அந்த அக்டோபர் 22 தான் இப்ப அவங்களோட தேசிய ரோடு பாதுகாப்பு நாள்.

கேள்வி: டாக்கா மெட்ரோ எப்படி?
– வாசகர், சென்னை

பதில்: நல்லா இருக்கு. 2022 டிசம்பர் 28 உத்தராவுல இருந்து ஆகார்காவ் வரைக்கும், 2023 நவம்பர்ல மோதிஜீல் வரைக்கும். பஸ்ல ரெண்டு மணி நேரம் ஆன தூரம் இப்ப நாப்பது நிமிஷத்துக்குள்ள, பொண்ணுங்களுக்கு தனிப் பெட்டி இருக்கு. 2016ல டாக்கா மெட்ரோ திட்டங்களோட சர்வே வேலைக்கு வந்திருந்த ஜப்பான்காரங்க 7 பேர் ஒரு ஓட்டல்ல நடந்த தீவிரவாதத் தாக்குதல்ல செத்தாங்க, அதுக்கப்புறமும் ஜப்பான் வேலைய விட்டுட்டுப் போகல. ஏறும்போது ஒரு நிமிஷம் அவங்கள நெனச்சுக்கறது என் பழக்கம்.

கேள்வி: கிராமத்துல என்ன வண்டி ஓடுது?
– மெக்கானிக், தாராபுரம்

பதில்: உங்களுக்குப் பிடிச்ச வண்டி இருக்கு அண்ணே. நெல்லுக்குத் தண்ணி எறைக்க வந்த சீனா டீசல் எஞ்சின எடுத்து மூணு சக்கர கட்டைல ஏத்தி பெல்ட் போட்டு ஓட்டறாங்க, நோஷிமோன், கோரிமோன், பட்பட்டின்னு ஊருக்கு ஒரு பேரு. நம்ம சென்னை மீன்பாடி வண்டிக்கு அண்ணன்னு வெச்சுக்கோங்க. இருபது பேர், நாலு மூட்டை, ஒரு கன்னுக்குட்டி எல்லாம் ஏறும். பிரேக் சரியிருக்காது, நெடுஞ்சாலைக்கு வந்தா ஆபத்து, 2015ல 22 முக்கிய நெடுஞ்சாலைல மூணு சக்கர வண்டிங்களுக்கே தடை போட்டாங்க. ஆனா சந்தைக்கு காய்கறி கொண்டுபோறவருக்கு வேற என்ன வண்டி இருக்கு, அதயும் பாக்கணும்.

கேள்வி: எங்க ஊருக்குள்ள புதுசா ரோட்ட ஒசத்திப் போடப் போறாங்க. போன தடவை போட்டதுக்கே வயல் தண்ணி வடியாம பத்து நாள் நின்னு பயிர் அழுகிருச்சு. அவ்ளோ பள்ளமான நாட்டுல அவங்க எப்படி சமாளிக்கறாங்க?
– விவசாயி, மயிலாடுதுறை பக்கம்

பதில்: அண்ணே, இத்தனை கேள்விலயும் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது உங்க கேள்விதான். அங்க நாட்டுல பெரும்பகுதி கடல் மட்டத்துல இருந்து 10 மீட்டருக்குள்ளதான், அதனால எந்த ரோடா இருந்தாலும் மொதல்ல மண்ணக் கொட்டி கரை கட்டி அதுமேலதான் போடணும். மண்ணு எங்க இருந்து வரும், ரெண்டு பக்கமும் தோண்டித்தான். அதனால அங்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நீளமா குட்டை இருக்கும், அதுல மீன் வளர்ப்பாங்க, வாத்து நீந்தும், மழைக்காலத்துல ரோட்டுல போனா தண்ணிமேல ஒரு கோடு கிழிச்சு அதுல போற மாதிரி இருக்கும். 1998 வெள்ளத்துல நாட்டுல மூணுல ரெண்டு பங்கு ரெண்டு மாசம் தண்ணிக்குள்ள கெடந்துச்சு, அப்ப ஜனம் மாட்டயும் ஆட்டயும் ஓட்டிட்டு இந்த ரோட்டுக் கரைமேல ஏறித்தான் பொழைச்சாங்க, அங்கயே கூரை போட்டு சமைச்சு பிள்ளை பெத்தவங்களும் உண்டுன்னு எங்க ஆபீஸ் பாட்டி ஒருத்தங்க சொல்லியிருக்காங்க.

ஆனா அதே கரைதான் வெள்ளத்த அடைச்சும் வெச்சுடுது. ஆறு வடக்க இருந்து தெக்க போகுது, ரோடு குறுக்க போகுது, போதுமான வழி விடலன்னா ஒரு பக்கம் ஊரு முங்கும், இன்னொரு பக்கம் வயலுக்கு வண்டல் வராம காயும். தண்ணி ஏறினா கடைசில ஜனமே மம்பட்டிய எடுத்துட்டு வந்து ராத்திரியோட ராத்திரியா ரோட்ட வெட்டி விட்டுடுவாங்க, அத நான் மாணிக்கஞ்ச் பக்கம் கண்ணால பாத்திருக்கேன். வெட்டின எடத்துல மறுநாள் ரெண்டு மூங்கில கட்டி ஒத்தை மூங்கில்ல கால வெச்சு இன்னொரு மூங்கிலப் பிடிச்சுட்டு நடப்பாங்க, ஷாங்கோன்னு சொல்லுவாங்க அத, புத்தகப் பையோட ஸ்கூல் பிள்ளைங்க அதுல போறதப் பாத்தா நமக்கு ஈரக்குலை நடுங்கும். அடுத்த வருஷம் கவர்மெண்ட் அந்த எடத்துல சரியா ஒரு பாலம் கட்டுச்சு. தண்ணிக்கு வழி எங்க வேணும்னு அந்த ஊர்க்காரங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு, கேட்டவங்கதான் இல்ல.

நீங்க ரோடு வேண்டாம்னு சொல்லாதீங்க, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும், நெல்லு லாரில ஏறணும். பழைய தார சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துல போடச் சொல்லுங்க. ஒசத்தித்தான் ஆகணும்னா, மழை நேரத்துல தண்ணி எந்தெந்த எடத்துல ரோட்டத் தாண்டுதுன்னு உங்க ஊர் பெரியவங்க நாலு பேரக் கூட்டிட்டு நடந்து குறிச்சுக்கோங்க, ஒவ்வொரு எடத்துக்கும் மதகா, குழாயா, சின்னப் பாலமான்னு எஸ்டிமேட்டுல இருக்கான்னு பாத்து, இல்லன்னா கிராம சபைல தீர்மானமா எழுத வெச்சு ஒரு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க. ஜல்லி எறங்கறதுக்கு முன்னாடி இத முடிச்சுடுங்க அண்ணே, தார் ஊத்தினப்புறம் அத வெட்டி குழாய் போட யாரும் வர மாட்டாங்க.